திராட்சைப் பெட்டியில் போன யானை

கூடலூர்,
14.2.2003

மரியாதைக்குரிய மச்சான் வைகுண்டராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை மலையம்மாளின் கணவன் சுருளிவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மலையம்மாளும் திராட்சைத் தோட்டமும் இரண்டு பசுக்களும் நலம். மோட்டாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அது அப்படி இல்லாததால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க சுருளி வேலப்பர் துணையிருக்க வேண்டும். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மலையம்மாள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

தாங்கள் எழுதிய கடிதம் போன வாரம் புதன்கிழமை கைக்கு வந்தது. 22ஆம் தேதி அங்கே குழந்தைகள் நூலகத்தில் பழைய படப் புத்தகக் கண்காட்சி என்றும், வீடு மாறியபோது தாங்கள் எங்கள் ஸ்டோர் அறையில் வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த யானைப் புத்தகத்தை உடனே அனுப்ப வேண்டும் என்றும், அதற்கு இன்னொரு பிரதி எங்கே தேடியும் கிடைக்கவில்லை, ஆகவே வாசலிலேயே கண்ணாடிக்குள் அதைத்தான் வைக்கப் போகிறோம் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்த கையோடு பெட்டியைத் திறந்தேன். யானைப் புத்தகத்தின் அட்டை இருந்தது. யானை இல்லை.

பதறாதீர்கள் மச்சான். உட்கார்ந்து படியுங்கள். அக்காவிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தாளும் கிடைத்துவிட்டன, பார்சலில் வருகின்றன. நடந்ததை ஒன்றுவிடாமல், ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய திங்கட்கிழமை பன்னீர் திராட்சை பறிப்பு. பெட்டிக்கு அடியில் பழைய பேப்பர் விரித்துத்தான் குலையை அடுக்குவோம், தங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்து மோட்டார் குழாய் வெடித்து, பேப்பர் கட்டு முழுவதும் கூழாகிவிட்டது. குமுளிக்குப் போகிற ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு டிரைவர் தவசி ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறான். நானோ ஸ்பேனரும் கையுமாகக் கிணற்றடியில் நிற்கிறேன். பெட்டி அடுக்குகிற சங்கிலியம்மாள், பாவம், தாள் தேடி ஸ்டோர் அறைக்குள் போய்த் தங்கள் பெட்டியைத் திறந்திருக்கிறாள். உள்ளே முப்பத்தெட்டுப் புத்தகம். முப்பத்தேழை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டாள். யானைப் புத்தகம் மட்டும் கம்பிப் பின் துருப்பிடித்து, தாள் தாளாகத் தானே கழன்று கிடந்திருக்கிறது. பிறகு நான் கத்தியபோது அவள் சொன்ன பதில் இது:

"புத்தகத்தக் கிழிச்சா சரஸ்வதி கோவிச்சுக்கிரும்யா. நான் ஒண்ணையும் கிழிக்கல. அதுவா கழண்டு கெடந்தத எடுத்தேன். அதையும் கும்புட்டுட்டுத்தான் எடுத்தேன். படம் மேல தெரியிற மாதிரிதான் விரிச்சேன், கவுத்துப் போடல."

இதற்கு மேல் அவளை என்னவென்று திட்டுவது? பன்னிரண்டு தாள், பன்னிரண்டு பெட்டி. ஜீப்பில் இடம் போதாமல் மூன்று பெட்டி ஷெட்டிலேயே நின்றுவிட்டது. மிச்சம் ஒன்பது பெட்டியும் மலையேறிக் குமுளி போய்ச் சேர்ந்துவிட்டன. தங்கள் கடிதம் வந்த பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். மலையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டாள். "அண்ணனுக்குப் பிள்ளையா குட்டியா, அந்தப் புத்தகந்தான அவுகளுக்கு எல்லாம். பன்னெண்டு தாளும் வந்தாத்தான் இந்த வீட்ல ஒல கொதிக்கும்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பழைய சோற்றைத் தின்றுவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

அங்கே மூன்று பெட்டியையும் கவிழ்த்துத் தாளை எடுத்துத் துடைத்தேன். துடைக்கிறவன் துடைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டேன் மச்சான். ஐம்பத்தாறு வயதுவரை நான் படம் பார்த்தவனில்லை. காலண்டரில் தேதி பார்ப்பேன், மேலே இருக்கிற சாமியைக் கும்பிடுவேன். அதெல்லாம் படம் பார்ப்பதில் சேராது. நாலாம் தாளில் யானை வாழைத்தோப்பு வழியாக ஊருக்குள் குளிக்க வருகிறது. வாழை இலை கிழிந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது என்று நான் சத்தியம் செய்வேன். வரைந்தவர் வாழை வைத்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாழை வைத்தவன் வீட்டில் பெண் எடுத்தவராக இருக்க வேண்டும். மொத்தமே மூன்று வர்ணம்தான், சிவப்பு, மஞ்சள், நீலம். பச்சை வேண்டிய இடத்தில் மஞ்சளுக்கு மேல் நீலத்தை ஏற்றிவிட்டார்கள். ஆறாம் தாளில் மழை. மழையை அவர் வரையவே இல்லை! தாளின் வெள்ளையைக் கோடு கோடாக அப்படியே விட்டுவிட்டார். விட்டுவிட்டதில் மழை பெய்கிறது. ஒன்பதாம் தாளில் பசுவின் கொம்பை விட்டு மஞ்சள் ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கிறது. அச்சடித்தவன் தூங்கிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தால் அந்த ஒரு நூலில்தான் பசு தலையை ஆட்டுகிறது. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. ஆள் இல்லாத ஷெட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆள் இல்லை என்று எழுதியது தவறு. சங்கிலியம்மாளும் இன்னும் மூன்று பேரும் பின்னால் வந்து நின்றிருக்கிறார்கள். "யான மூஞ்சியப் பாருங்கய்யா, தீவாளிக்கு எண்ணெ தேச்சுவிட்ட பிள்ள மாதிரி இல்ல இருக்கு" என்றாள் அவள். படத்தில் பின்னால் தெரிகிற மலை மேகமலைதான் என்று ஒருத்தி சொல்ல, அப்போதுதான் வந்த தவசி, "அது எங்கன மேகமல? வளைவப் பாரு, குமுளி ரோடு" என்று ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் சண்டை. அன்றைய பழம் கூடையிலேயே கிடந்தது. முதலாளி நான், அதட்ட வேண்டியவன், நானும் மேகமலைக் கட்சியில் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை தவசியோடு மலையேறினேன். குமுளியில் எங்கள் திராட்சை இறங்குகிற வர்க்கிச் சேட்டன் பழக்கடையை அடைந்தால், கடை வாசலில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப் மாட்டி, ஏழு தாள் வரிசையாக ஆடுகிறது! பழம் வாங்க வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஏழையும் கேட்டதும் கொடுத்துவிட்டார். எட்டாவது தாள், பெட்டியோடு வண்டிப்பெரியாறில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே போனால் அன்றைக்குத்தான் முகூர்த்தம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பெண் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வந்த சொந்தம் என்று நினைத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். தவசி இரண்டு பாயசம் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதற்கு இலையைத் தடவுகிறான். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். சமையல் கட்டில் தேடிக் கண்டுபிடித்து, மடங்கிய முனையை உள்ளங்கையால் நீவி, பெண்ணின் தாயாரே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

திரும்பவும் குமுளிக்கு வந்தோம், மிச்சம் இருந்தது பன்னிரண்டாம் தாள். யானை குளித்து முடித்துக் காட்டுக்குத் திரும்பிப் போகிறது, முதுகு மட்டும்தான் தெரியும். வர்க்கி அதைத் தராசுக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். "ஈ ஆனயெ ஞான் தரில்ல" என்று ஒரே பிடிவாதம். அது மாட்டியதிலிருந்து எடை போடும்போது யாரும் சண்டைக்கு வருவதில்லையாம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னேன். இந்த ஒன்று இல்லாவிட்டால் என் மச்சானின் புத்தகத்துக்குப் பாதி உயிர்தான் என்றேன். நூலகத்தில் பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவர் தானே ஆணியைப் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்து, "குட்டிகள்க்கல்லே, கொண்டுபொய்க்கோ", பிள்ளைகளுக்குத்தானே கொண்டு போ, என்று கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக மூன்றும் ஏழும் ஒன்றும் ஒன்றும் பன்னிரண்டு. துருப்பிடிக்கிற பின் வேண்டாம் என்று மலையம்மாள் வெள்ளை நூலால் தைத்திருக்கிறாள். ஐந்தாம் தாளில் வானத்தில் மட்டும் ஒரு திராட்சைக் கறை. யாராவது கேட்டால் மேகம் என்று சொல்லிவிடுங்கள், நன்றாகவே பொருந்துகிறது. வீட்டில் உலை கொதிக்கிறது. தங்கள் மனதை நோகடித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தங்கள் பெட்டியைத் தூசி தட்டும் சாக்கில் மற்ற முப்பத்தேழையும் பார்த்துவிட்டேன், அதற்கும் மன்னிப்பு. பெரியவர்களான தாங்களும் அக்காவும் எங்களை ஆசீர்வதித்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
பன்னிரண்டு தாளையும் பத்திரமாக ஒப்படைத்த நிம்மதியில்,
தங்கள் சுருளிவேல்

பின்குறிப்பு: மச்சான், பார்சலைக் கட்டிவிட்டேன், ஆனால் இந்தக் கவரை ஒட்டக் கை வரவில்லை. வர்க்கி கொடுத்தது நிஜம். ஆனால் பார்சலில் வருகிற பன்னிரண்டாம் தாள் அது இல்லை, நான் வரைந்தது. அசல் இங்கே எங்கள் நடுவீட்டில் இருக்கிறது. நூலெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்த மலையம்மாள் கடைசித் தாளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டாள். "எல்லாத்தையும் தபால்ல அனுப்பிட்டா அண்ணே எதுக்கு இங்கிட்டு வரப்போறாக? வீடு மாறிப் போயி நாலு வருசமாச்சு, ஒரு தடவ எட்டிப் பாத்தாகளா?" என்று அழுதாள். சின்னமனூர் போய்ப் பெயிண்ட் பெட்டி வாங்கிவந்தேன். நான்கு நாள், இருபத்திரண்டு தாள். அசலை வரைந்த அந்த ஆள் யானை முதுகை ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார் மச்சான், ஒரே இழுப்பு! எனக்குப் பதினேழு இழுப்பு ஆகியும் பின்னங்கால் எருமைக் காலாகத்தான் வந்தது. தங்கள் கண்ணை ஏமாற்ற முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அசல் வேண்டுமானால் நேரில் வந்து, பத்து நாள் தங்கி, தங்கை கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போக முடியும். அக்கா வராவிட்டால் அதுவும் கிடையாது. கண்காட்சியில் என் தாளுக்கு முன்னால் பிள்ளைகள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். ஒரு பிள்ளைகூட நிற்கவில்லையென்றால், நின்றதாகவே சொல்லுங்கள்.