அட்டைப்பூச்சிச் சட்டை

அட்டைப்பூச்சியை அழகு என்று நினைத்த மனுஷி உலகத்திலேயே ஒருத்திதான். அவள் எங்கள் போடிநாயக்கனூரில், என் செல்போன் கடைக்கு நேர் மேலே, மாடி அறையில் இருந்தாள். படைத்த கடவுளே வெட்கப்பட்டு அட்டையைப் புல்லுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். இவள் அதைப் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, "பாருங்கண்ணே, என்னா ஒரு வளைவு!" என்பாள்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் சாம்பிள். கோயம்புத்தூரில் துணி வடிவமைப்பு படித்துப் பட்டம் வாங்கியவள். எதைத் தைத்துக் காட்டினாலும், நாம் முகம் சுளிப்பதற்குள், "இது சாம்பிள்தான்ணே" என்று முந்திக்கொள்வாள். வீட்டில் வைத்த பெயர் தெருவுக்கு மறந்தே போய்விட்டது.

முதல் வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில். குழந்தைகள் பனியனுக்குக் கிளி வரையச் சொன்னார்கள். இவள் வரைந்த கிளி கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது.

"கிளி ஏம்மா தூங்குது?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"அதப் பாத்துப் பிள்ளையும் தூங்கணுமில்ல சார்."

அந்த மாதமே பெட்டியோடு போடிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் அப்பா ஏலக்காய் வியாபாரி. மாடியில் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு, "இந்த ஏலக்கா சீசன் முடியிறதுக்குள்ள ஒரு ஆர்டர் புடிச்சுக் காட்டு. இல்லேன்னா நான் பாக்குற மாப்ளைக்குக் கழுத்த நீட்டு" என்று சொல்லிவிட்டார். சாம்பிள் அவர் முன்னால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். படியேறும்போதுதான் என் பக்கம் திரும்பி, "ரவுண்டு கழுத்தா, வீ கழுத்தான்னு சொல்லாமப் போறாரேண்ணே" என்றாள்.

துணி மாட்டிப் பார்க்கும் பொம்மை அவளிடம் இல்லை. நான் இருந்தேன். கடையில் ஆள் நிற்கும்போதே டேப்போடு இறங்கி வருவாள். "மூச்ச இழுத்துப் புடிக்காதீங்கண்ணே. வயிறு எப்பிடி இருக்கோ அப்பிடியே விடுங்க. ஏமாத்துனா சட்டைதான் கிழியும்." ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள் என் இடுப்பளவைத் தெரிந்துகொண்டு போனார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் அந்த வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். தோளிலிருந்து சட்டைப்பை வரைக்கும் வரிசையாக அட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் அவளே அச்சடித்தது. அன்றைக்கு நான் பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். வீட்டார் முன்னாலேயே போய்விட்டார்கள். "எங்கடா இருக்க?" என்று அம்மா போனில் கத்தியதில், சட்டையை மாற்ற மறந்து பைக்கில் பறந்தேன்.

பெண் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்ததுதான் தாமதம். பெண்ணின் அத்தை பல வருஷம் மலை எஸ்டேட்டில் இருந்தவர். என் நெஞ்சைப் பார்த்து அலறினார்.

"ஐயய்யோ மாப்ளே, அசையாதீங்க!"

உள்ளே ஓடினார். ஒரு கை உப்போடு வந்து என் சட்டையில் கொட்டினார். அட்டை ஒன்றும் விழவில்லை. "நல்லாக் குடிச்சிருக்கு போல, விட மாட்டேங்குதே" என்று இன்னொரு கை அள்ளி வந்தார். "அது டிசைனுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டாவது கை உப்பு வாய்க்குள் போனது. அதற்கப்புறம் நான் திறக்கவில்லை.

கருவாடு மாதிரி திரும்பி வந்தேன். சாம்பிளுக்கு என் கல்யாணம் பற்றி ஒரு கவலையும் இல்லை. "நெசமாவே அட்டைன்னு நெனச்சாங்களாண்ணே?" என்று கேட்டுக் குதித்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. "வாய்ல உப்பக் கொட்டியும் ஒரு வார்த்தை பேசாத பையன். நம்ம பிள்ளை கோவத்தத் தாங்குவான்" என்று அந்த அத்தையே சொன்னாராம்.

தைரியம் வந்துவிட்ட சாம்பிள், அதே சட்டையை மாட்டி என்னைக் குரங்கணி டீக்கடையில் நிறுத்தினாள். "சும்மா டீ குடிச்சிட்டு நில்லுங்க. வேற சோலி உங்களுக்கு இல்ல." நான்காவது டீயில், மலையேற வந்திருந்த ஒரு பெங்களூர் அம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார். துணிக்கடை வைத்திருப்பவர். தையல் பிடித்துப்போய் ஐம்பது சட்டைக்கு ஆர்டர் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: "அட்டை வேண்டாம். பட்டாம்பூச்சி போட்டுக் கொடு."

சாம்பிளின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் சீசன் முடியப் போகிறது, அப்பா கையில் ஒரு ஜாதகம் ஏற்கெனவே வந்துவிட்டது. தலையை ஆட்டினாள்.

சட்டைகள் போயின. போன வேகத்தில் ஐம்பதும் திரும்பி வந்தன. மஞ்சளும் நீலமுமாக அழகான பட்டாம்பூச்சிகள்தான். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு குண்டு அட்டை தொங்கியது. கடையில் போட்டுப் பார்த்த ஒரு பெண் வீறிட்டு ஓடினாளாம்.

"ஏன் ஆத்தா இப்பிடிப் பண்ணுன?" என்றேன்.

"பட்டாம்பூச்சியும் நம்ம மலையிலதாண்ணே இருக்கு. அத மட்டும் அட்டை விட்டு வைக்குமா?" என்றாள். சொல்லிக்கொண்டே சட்டைகளை மூட்டையாகக் கட்டினாள். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், மலை மேலே போடிமெட்டுக்கு ஆள் ஏற்றும் டிரைவர்களிடம் சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தாள். மாடி அறையில் இரண்டு நாள் தையல் மெஷின் சத்தமே இல்லை. கீழே எனக்கு வேலையே ஓடவில்லை.

டிரைவர்கள் மறுநாளிலிருந்து அதையே போட்டுக்கொண்டு வளைவு வளைவாகத் திரும்பினார்கள். தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள், "என்னண்ணே, ஜீப்பு டீசலோட சேத்து உங்க ரத்தத்தையும் குடிக்குதா?" என்று கிண்டலடித்தார்கள்.

அடுத்த விடுமுறைக்கு அந்தப் பெங்களூர் அம்மாள் தோழிகளோடு மறுபடி வந்தார். ஜீப்பில் ஏறிய தோழிகள் மலையைப் பார்க்கவில்லை. "இந்தச் சட்டை எங்கே கிடைக்கும்? உன் கடையில ஒரு நாளும் இப்படி ஒண்ணு பார்த்ததில்லையே!" என்று டிரைவரையும் அவரையும் துளைத்துவிட்டார்கள். இறங்கியதும் அந்த அம்மாள் நேரே சாம்பிளின் அறைக்குப் படியேறினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எங்க கடைக்கே டிசைனரா வந்துடு" என்றார். "அட்டையும் போட்டுக்கோ. ஆனா சொல்லிட்டுப் போடு."

சீசன் முடிந்ததென்று ஜாதகத்தோடு அப்போதுதான் படியேறி வந்த அப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "மாப்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சாம்பிள் பாத்தோம், ஆர்டர் வேணாம்னு சொல்லிருங்கப்பா."

அவர் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தார். முடியவில்லை.

அவள் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். சாதாரண நீலச் சுடிதார், அதில் ஒரு பூச்சியும் இல்லை. ஊரில் அத்தனை பேரின் காலரையும் கையையும் குறை சொன்னவள், படியில் ஏறும் முன் என்னைப் பார்த்து, "அண்ணே, நான் எப்பிடி இருக்கேன்?" என்று கேட்டாள்.

கிண்டலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். பெட்டியைப் படியில் தூக்கி வைத்தேன்.

"நல்லாருக்க ஆத்தா. வெரசா ஏறு, சீட்டு போயிரும்" என்றேன்.

பஸ் போன பிறகு, ஒரு சோலியும் இல்லாமலே அங்கே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.