தாம்பாளத்தில் விழுந்த மாப்பிள்ளை

ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் குடிகாரன் பட்டம் வாங்குவது சுலபமில்லை. நான் வாங்கினேன், அதுவும் என் நிச்சயதார்த்தத்தில்.

செல்வியும் நானும் எண்ணூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். காதலைச் சொல்லி, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கி, ஒருவழியாகச் சம்மதமும் வாங்கியிருந்தோம். அவள் அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. (என் அப்பா குடித்தே செத்தவர். நான் சோடா குடிக்கவே யோசிப்பேன்.)

அந்த வாரம் முழுக்கப் படுக்கையில் புரண்டாலே தலை சுற்றியது. பித்தம் என்று நானே முடிவு செய்து இஞ்சிச் சாறு குடித்தேன். நிச்சயம் தள்ளிப்போய்விடுமோ என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. பெரிய அறிவாளி!

பெரம்பூரில் செல்வி வீட்டுக் கூடம். "மாமனாரு கால்ல வுழுந்து எந்திரி நைனா" என்றார் என் தாய்மாமன். குனிந்தேன். கூடமே பம்பரமாகச் சுற்றியது. வாழைப்பழத் தாம்பாளத்தில் முகம் பதிய விழுந்தேன். எழப் பார்த்து, மாமனார் வேட்டியைப் பிடித்தேன். (பெல்ட் போட்டிருந்தார், அந்த மட்டும் புண்ணியம்.)

அம்மா ஓடி வந்தாள். தூக்கவில்லை. அப்பாவோடு குடித்தனம் நடத்திய பழக்கத்தில், என் வாயை மோந்து பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு வாசனயும் வர்லீங்க!" என்றாள்.

"பெத்தவளே மோந்து பாக்குறான்னா இன்னாமா அர்த்தம்?" என்றார் செல்வியின் அப்பா. தட்டுகளோடு திரும்பினோம்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காது டாக்டரிடம் அனுப்பினார்கள். ("சுத்துறது தலைங்க, காது இல்ல" என்று அவருக்கே பாடம் எடுத்தேன்.) தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டில் விளிம்பில் தொங்கும்படி சட்டென்று படுக்கவைத்து, என் கண்ணையே பார்த்தார்.

"உங்க கண்ணு ஆடுது. உள்காதுல இருக்கிற துகள் எடம் மாறிடுச்சு."

தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, அப்படியே என்னையும் புரட்டி, உட்காரவைத்தார். மாத்திரைகூட இல்லை. சுற்றல் நின்றுவிட்டது. நான் அங்கேயே அழுதேன். இவ்வளவுதானா? இதற்கா செல்வியை இழந்தேன்?

நேராகப் பெரம்பூர் ஓடினேன். அவள் அப்பா பொறுமையாகக் கேட்டார். "காதுல துகளா? எங்காதுல பூ சுத்தாத. பொண்ணுக்கு வேற எடம் பேசியாச்சு."

அவ்வளவுதான். செல்வி வேலைக்கும் வரவில்லை. பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. மனைவி நல்லவள். கதை முழுக்க அவளுக்குத் தெரியும்.

இன்றும் வீட்டு விசேஷத்தில் நான் யார் காலிலாவது விழப்போனால், "மொதல்ல தாம்பாளத்த எடுங்கப்பா!" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். பின்னால் வந்து நின்று, என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.