ராசிங்காபுரத்துக் கிலோமீட்டர்

“பத்தொம்பது புள்ளி ஆறுண்ணே,” என்றான் கார்முகில், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரஃபி ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின் மேல் வைத்தார். பதினெட்டு விநாடிக்குள் வந்திருக்க வேண்டும்.

பதினைந்து வருடமாகப் பைக் பந்தயங்களில் வளைவுகளை வென்றவர். போடிமெட்டுக் கொண்டை ஊசிகளில் பழகிய உடம்பு. நாற்பது வயதில், வளைவே இல்லாத பந்தயத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. வடக்கே உப்பு வெளியில், நேர்கோட்டில், ஒரு கிலோமீட்டரை யார் வேகமாகக் கடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. புதியவர்களுக்கு எட்டே இடம். அதில் ஒன்று ரஃபிக்கு. பதினெட்டு விநாடிக்குள் ஓட்ட முடியுமா என்று பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

ஓட்டிப் பார்க்க, ராசிங்காபுரம் பக்கம் இன்னும் திறக்காத புறவழிச்சாலை கிடைத்தது. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை. வண்டியில் கட்டிய கேமராவைப் பார்த்து, மெக்கானிக் கார்முகில் நேரத்தைச் சொல்வான்.

“விடுங்கண்ணே. இந்த வேகத்துக்குப் பதினெட்டு செகண்டுல நூறு மீட்டருதான் பாக்கி. போனுல தூரம் அளக்குற ஆப்பு இருக்கு, அதுல ஒருக்கா…”

“கவர்மெண்டு நட்ட கல்லவிட உன் போனு பெருசாடா?”

“அப்பக் கோளாறு உங்க மேலதான். வளைவு வரப்போற மாதிரியே நிமிந்து உக்காருறீங்க.”

மறுநாள் ரஃபி டாங்கின் மேல் குப்புறப் படுத்து ஓட்டினார். தாடை இடித்த இடியில் கை தானாக ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தியது. இருபது புள்ளி ஒன்று.

“பின் பல்சக்கரத்தச் சின்னதா மாத்திருவோம்ணே. பறக்கும்.”

மாற்றினார்கள். வண்டி இழுக்க மறுத்தது. கடைசிக் கியர் விழுவதற்குள் இரண்டாவது கல் வந்துவிட்டது. இருபது புள்ளி ஏழு.

“காத்துதான் தடுக்குது,” என்று கண்டுபிடித்த கார்முகில், நீலத் தண்ணீர் டிரம்மை அறுத்து வண்டிக்கு மூக்கு வைத்தான். சாலையின் மறுபாதியில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள், கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வயல் அவளுடையது.

“என்னப்பு, டிரம்மு சகிதமா? தண்ணிக்கா போற?”

டிரம் காற்றைக் கிழிக்கவில்லை, அள்ளிக்கொண்டது. இருபத்தொன்று புள்ளி நான்கு.

வியாழக்கிழமை சோறு வைத்தபடி மனைவி ஃபாயிசா கேட்டாள்: “ஏங்க, நாளைக்குச் சொல்லணும்ல?”

“வண்டியில ஒண்ணுமில்ல ஃபாயிசா. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் பயம் வந்துருச்சு.”

பந்தயம் வேண்டாம் என்று பதினைந்து வருடமாகச் சண்டை போட்டவள் அவள். இப்போது அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், “பதினெட்டுன்னு சொல்லிருங்களேன். யாரு வந்து பாக்கப்போறா?” என்றாள்.

“அங்க போயி நின்னா வண்டி பொய் சொல்லாதே.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்து இடத்தை விட்டுக்கொடுத்தார். அடுத்து காத்திருந்தவருக்கு அது உடனே போய்ச் சேர்ந்தது.

மாலையில், சாலையோரம் கிடந்த டிரம் துண்டை எடுக்கப் போனார். மூக்கம்மாள் சோளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னப்பு, ரெண்டு நாளா ஆளக் காணோம்?”

“இனி வரமாட்டேன் ஆத்தா.” ரஃபி இரண்டாவது கல்லின் மேல் உட்கார்ந்தார். “அந்தக் கல்லுல இருந்து இந்தக் கல்லுக்குப் பதினெட்டு செகண்டுல வரணும். முடியல. என் எடத்த வேறாளுக்குக் குடுத்துட்டேன்.”

மூக்கம்மாள் கல்லைப் பெருமையாகப் பார்த்தாள். பிறகு முதல் கல் இருந்த பக்கமாகக் கை நீட்டி, தன் வயலுக்குள் இறங்கும் பாதையைக் காட்டினாள்.

“இந்தக் கல்லா? மொதல்ல அந்தா, என் வயலுக்கு வண்டி போற வழிய மறிச்சுல்ல நட்டானுக! விடுவனா? நான் போட்ட சத்தத்துல, நூறு மீட்டரு தள்ளிக் கொண்டாந்து இங்கன நட்டுட்டு ஓடிட்டானுக.”