இடது கட்டைவிரலின் நீலம்

என் அன்பு மனைவியும், நக அலங்காரப் பயிற்சி நிலையத்தில் இந்த ஆண்டின் முதல் மாணவியுமான உனக்கு, உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், சமையலறை ஓரளவு நலம், வாசல் அறையில் உன் மேசையும் விளக்கும் மிகவும் நலம். உன் நலமறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் "சாப்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதைச் சாப்பிடவில்லை என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறாய். கடிதத்துக்குக் குரல் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதப் படிப்பு முடிந்த கையோடு அங்கேயே இன்னொரு வருடம் ஆசிரியையாக இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். யோசிக்க என்ன இருக்கிறது? தாராளமாக இரு. நாற்பத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனவளை வாத்தியார் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்கள் என்றால், அது எனக்கும் சேர்த்துத்தான் பெருமை. அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, சிலரிடம் இரண்டு முறை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

குறை என்று சொல்லப்போனால் உன் வாடிக்கையாளர்கள்தான். "ஆறு மாதம் கடை இல்லை" என்று கதவில் நீ ஒட்டிவிட்டுப் போனதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. போன மாதம் மாடிவீட்டு டீச்சர் பத்து விரலையும் விரித்துப் பிடித்தபடி வந்து நின்றார். "சார், ஊர்க் கல்யாணத்துக்கு நகத்துல போட்ட ஜெல்லு சாயம் ஓரத்துல தூக்கிக்கிட்டு நிக்குது. நீங்களே பிச்சு விட்டுடுங்களேன்" என்றார். "டீச்சர், அது பிச்சு எடுக்கற சமாச்சாரம் இல்ல. பஞ்சை மருந்துல நனைச்சுக் கட்டி, ஊறி, தானா நெகிழ்ந்து வரணும். பிச்சா நகத்தோட மேல் ஏடும் சேர்ந்து வந்துடும்" என்றேன். "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். "பத்து வருஷமா பக்கத்து ரூம்ல உக்காந்து பேப்பர் படிக்கிறேன், பேப்பரா படிச்சேன்?" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு தெருமுனையில் புதிதாக வந்திருக்கும் கடைக்குப் போய்விட்டார். அங்கே இரண்டே நிமிடத்தில் பிடுங்கி எடுத்துவிட்டார்களாம். இப்போது அவர் நகம் வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது, சாக்பீஸ் பிடித்தால் வலிக்கிறது என்கிறார். நியாயம் கேட்க நான் அந்தக் கடைக்குப் போனேன்.

போனதில் ஒரு சங்கடம் ஆகிவிட்டது. அதைச் சொல்லுமுன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீ ஊருக்குப் போகிற அன்று சாயங்காலம், புதிதாக வந்த நீல ஜெல்லின் நிறம் பார்க்க வேண்டும் என்று, பேப்பர் பிடித்திருந்த என் இடது கையை இழுத்துக் கட்டைவிரலில் பூசி, விளக்கில் காட்டி இறுக வைத்து, "நல்லாத்தான் இருக்கு. மூணு வாரத்துல முறையா எடுத்துடுங்க, அதுக்கு மேல வச்சுக்கக் கூடாது" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? பிறகு போனில் கேட்டபோது எப்போதோ எடுத்தாயிற்று என்றேன். எடுக்கவில்லை. நகம் வளர வளர நீலம் மேலே நகர்ந்துகொண்டே போயிற்று. நீ போய் ஒரு மாதம் என்றால் அடியில் ஒரு கோடு வெறும் நகம், மூன்று மாதம் என்றால் பாதி நகம். இப்போது நுனியில் மட்டும் ஒரு பட்டை மிச்சம் இருக்கிறது. அதை வெட்டிவிடக் கூடாது என்று நகத்தை நீளமாக விட்டிருப்பதால் சட்டைப் பித்தானில் மாட்டுகிறது, தலை வாரும்போது காதைக் கீறுகிறது. ஒருநாள் முழுக்கப் பத்திரக் கட்டின் நாடாவில் சிக்கிக்கொண்டு அவிழ்க்க வரவில்லை. பதிவு அலுவலகத்தில் ஊர்ப்பட்ட கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து ரேகை வாங்குகிற ஆசாமி நான். என் கட்டைவிரலை எல்லோரும் பார்க்கத்தானே செய்வார்கள். மை என்று சொல்லிச் சமாளித்தேன். "ஆறு மாசமா ஒரே மையா?" என்றார் அதிகாரி. "நல்ல மை சார்" என்றேன்.

அந்தக் கடையில் என் விரலைப் பார்த்ததும், எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரம்மா உட்கார வைத்துவிட்டார். முந்தின ஆளுக்கு நகம் தேய்த்த அதே உரசு பட்டையை மேசை ஓரத்தில் இரண்டு தட்டு தட்டி என் பக்கம் கொண்டுவந்தார். "இது கழுவினதா?" என்றேன். "தட்டியாச்சு சார்." "தட்டினா கிருமி கீழ விழுந்துடுமா? என் வீட்ல ஆளுக்கொரு பட்டை. கத்தரி, குறடு எல்லாம் கிருமிநாசினியில கிடக்கும், எத்தனை மணிக்குப் போட்டதுன்னு டப்பா மேல எழுதியிருக்கும். அடித்தோலை வெட்ட மாட்டாங்க, மெதுவாத் தள்ளத்தான் செய்வாங்க. நோய் கண்ட நகத்தைத் தொடவே மாட்டாங்க, டாக்டர்கிட்ட போகச் சொல்லிடுவாங்க" என்று காத்திருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். "உங்க வீட்டம்மா எங்க சார் இப்ப?" என்று கேட்டார். தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் நான் விரல் நுனி நீலத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரத்தில் நகம் சுரண்டுகிற சின்ன மோட்டாரைச் சுழலவிட்டு, "ரெண்டு நிமிஷம், சுரண்டி எடுத்துடறேன்" என்று விரலைப் பிடித்தார். நான் கையைப் பிடுங்கிய வேகத்தில் மேசையும் பாட்டில்களும் சாய்ந்து, என் வேட்டியில் ஏழு நிறம். டீச்சருக்கு நியாயம் கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, நானே முறைப்படி எடுத்துவிடலாம் என்று உன் மேசையில் உட்கார்ந்தேன். பஞ்சு இருந்தது, மருந்து இருந்தது. உன் நாற்காலியில் உட்கார மனம் வராமல் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குட்டித் தலையணை மேல் கையை நீட்டி வைத்தேன். எல்லோரும் அப்படித்தானே வைப்பார்கள், நீ பிடித்துக்கொள்வாய், பிறகு பேச ஆரம்பிப்பார்கள். சும்மா நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு ஒரு நாளாவது அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கலாம். மருந்துப் பாட்டிலைத் திறக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே நீ தயங்காமல் சம்மதம் எழுதிக் கொடு. உன்னிடம் படிக்கிறவர்கள் கத்தரியைக் கழுவுவார்கள், அவசரப்பட மாட்டார்கள், அதனால் ஊரில் பல நகங்கள் பிழைக்கும். ஒரு வருடம் ஒரு வருடமா, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள், மருந்து வாடை அடிக்கிற அறையில் ஜன்னலைத் திறந்து வை, வேளைக்குச் சாப்பிடு. உன் கூடப் படிக்கிறவர்களுக்கு என் ஆசிகள், உன் ஆசிரியைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஒரு குறையுமில்லாத உன் வீட்டுக்காரன்

பி.கு.: மேலே எழுதியதில் நீ அங்கேயே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிஜம். மற்றபடி ஒரு வருடத்தை ஓட்ட என்னால் ஆகாது. மாணவிகள் கைபழகச் சாயம் படாத நகத்தோடு ஆள் கிடைப்பதில்லை என்று போன வாரம் அலுத்துக்கொண்டாயே, என்னிடம் ஒன்பது இருக்கின்றன. நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அதிகாரி என் விரலைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நீலத்துக்கு அடியில் நேற்றிலிருந்து பச்சையாகத் தெரிகிறது. நோய் கண்ட நகத்தை நீ தொட மாட்டாய், தெரியும். அதனால் இடது கை டாக்டருக்கு. வலது கையை நீட்டியிருக்கிறேன், பிடித்துக்கொள்.