மடியாக உட்கார்ந்திருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்கள்

கரமனை அக்ரஹாரம்,
பூராடம், மத்தியானம்.

போனக்காட்டு மலைமேல் மூடுபனிக்குள் மறைந்தருளும் மகாகனம் பொருந்திய ஐயப்பன் மாமா அவர்களுக்கு, தங்கள் ஒரே மருமாள் மீனு, விழுந்த நமஸ்காரத்திலிருந்து இன்னும் எழுந்திருக்காமலே எழுதிக்கொண்டது. இவ்விடம் அப்பா, அம்மா, அத்தை மூவரும் சௌக்கியம். சர்வர் மட்டும் சௌக்கியமில்லை. தோசை கொண்டுவந்து வைக்கிற சர்வர் இல்லை மாமா, நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனீர்களே, அந்த சர்வர்.

வருஷம் முழுக்க கிளவுடில் வேலை பார்க்கிற மனுஷர், லீவு கிடைத்ததும் நண்பர் வீட்டைச் சாக்கிட்டு அசல் மேகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வது என்ன நியாயம்? பதினேழு தடவை போன் போட்டேன். பதினேழு தடவையும் ஒரு அக்கா, நீங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதாக மலையாளத்தில் மரியாதையாகச் சொன்னாள். அதனால்தான் இந்தக் காகிதம். பிளஸ் ஒன் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு எழுதியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை காலை ஏழு மணிக்குள் அப்பா பாலுக்குச் சொல்லியாக வேண்டும். எத்தனை லிட்டர் என்பது எத்தனை பேர் பாலடைப் பிரதமன் கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நேற்றுக் காலை நான் கடைசியாகப் பார்த்த கணக்குப்படி, கேட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை லிட்டர், எந்த வீடு என்பதெல்லாம் டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. டேட்டாபேஸை யாராலும் திறக்க முடியவில்லை. இத்தனை வீட்டுத் திருவோண இலையில் பாயசம் விழுமா விழாதா என்பது உங்கள் மருமாள் தலையில் விழுந்திருக்கிறது. எப்படி என்று கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஓண நாட்களில் முதலாவதான அத்தம் அன்று காலை பத்து மணிக்கு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே பாயச ஆர்டர் வெப்சைட்டைத் திறந்தேன். பத்தரை வரை மூன்று ஆர்டர்தான், அதில் ஒன்று நானே போட்டுப் பார்த்தது. கடை காற்று வாங்குகிறதே என்ற வருத்தத்தில், 'உங்களுக்கு முன்னால் 87 பேர் வரிசையில்' என்று முகப்பில் ஒரு வரி போட்டேன். சும்மா ஒரு தமாஷுக்கு. நம்மூர்க்காரர்களுக்கு வரிசையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஒருவர் பார்த்து மச்சானுக்குச் சொல்ல, மச்சான் ஆபீசுக்குச் சொல்ல, பதினோரு மணிக்குப் பூஜப்புரையிலிருந்து பாளையம் வரை மொத்தப் பேரும் உள்ளே! கூட்டம் கூடினால் கம்ப்யூட்டர்களும் தானாகவே கூடும் என்று நீங்கள் செய்துவைத்திருந்தீர்களே, அது அட்சரம் பிசகாமல் வேலை செய்தது. ஒன்று ஆறாயிற்று. ஆறும் தனித்தனியாக டோக்கன் நம்பர் போட ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் முதலிலிருந்து! ஆக, ஒன்றாம் நம்பர் டோக்கன் ஆறு பேரிடம்.

முதல் வெண்கல உருளிப் பாயசத்தில் முதல் பாத்திரம் யாருக்குப் போகிறது என்பதில் நம்மூருக்கு எவ்வளவு வீம்பு என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆறு பேரில் நாலு பேர் நேரே வாசலுக்கு வந்து, போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என்னடி மீனு, ஒண்ணாம் நம்பர் நாலா?"

"நாலில்லைப்பா, ஆறு. ரெண்டு பேர் இன்னும் வரலை."

"ஆறு பேரும் முதல்லே வந்தாளாக்கும்?"

"ஒரே சமயத்திலே வந்தாப்பா."

அப்பா முன்பு ஆர்டர் எழுதிவந்த பழைய நோட்டுப் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்துவிட்டார். நோட்டு மறுபடி வந்தால் என் மானம் போய்விடும். உடனே உங்கள் குறிப்பைத் தோண்டி எடுத்து, ஆறு கம்ப்யூட்டரும் ஒரே பதிவேட்டில், அதாவது இந்த டேட்டாபேஸில், எழுதும்படி மாற்றினேன். மாமா, அதை நான் தனியாகச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் தங்கமாக ஓடியது. நேற்று மூல நட்சத்திரம். சாயங்காலம் ஆர்டரை மூடுவதாக இருந்தோம். காலையில் சரஸ்வதி அத்தை வந்து என் பின்னால் நின்றாள்.

இந்தப் பதிவேடு வெளியாட்கள் வர முடியாத தனி வலைப்பின்னலில் இருக்கிறது, ஆப் மட்டும் ஒரு தனிவழியாக அதைத் தொடலாம் என்று நான் ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். அத்தைக்குப் புரியட்டும் என்று, "உங்க மடி மாதிரிதான் அத்தை" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன். அங்கேதான் வினை. காலையில் குளித்து, கொடியில் தனியாக உலர்த்திய புடவையைக் கட்டினால், சமையல் முடியும்வரை நம்மில் ஒருவர் விரல்கூட மேலே படக்கூடாது என்று நிற்பவளாயிற்றே! மறு நிமிடம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ உன் ஆப்பை யார் தொடறா?"

"ஊரே தொடறது அத்தை. அதுக்குத்தானே இருக்கு."

"ஊரே தொட்ட ஆப்பு வந்து இதைத் தொட்டா இது எப்படிடி மடியாகும்? கேட்டயா நாகேஸ்வரா, உன் பொண்ணு சொல்ற மடியை!"

அப்பா நாகேஸ்வரன் அப்போது வீட்டுப் பட்சணத்துக்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். உடைப்பதை நிறுத்தவே இல்லை. அவருக்கு அக்காவிடம் உள்ள பயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தீட்டுப்பட்ட கணக்குக்குத் தான் பாயசம் கிண்ட மாட்டேன் என்றாள் அத்தை. அவள் கிண்டாவிட்டால் நம் பாலடை வெறும் பாலும் அடையும்தான். சரி, ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக் காட்டுவோம், அவள் அந்தப் பக்கம் போனதும் திறந்துவிடுவோம் என்று நினைத்தேன். ஆப் வரும் வழியை அழித்தேன். "உன் பெட்டியையும் வெளியே போகச் சொல்லு" என்றாள். என் லாப்டாப் போகும் வழியையும் அழித்தேன். அவள் போனதும் திறக்கப் பார்த்தால், யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் அந்த அழித்த விதிகளில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்பது எனக்கு நினைவில்லை. தோன்றியதை எல்லாம் எழுதிப் பார்த்தேன். அசையவில்லை. இந்தக் கணத்தில் கேரளத்திலேயே பரம ஆசாரமான டேட்டாபேஸ் நம்முடையதுதான்.

வெப்சைட்டில் சிவப்பாக ஏதோ பிழை வந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால், 'பாயசம் கொதிக்கிறது, சற்றுப் பொறுக்கவும்' என்று மாற்றி வைத்தேன். இன்று காலை நெய்யாற்றின்கரையிலிருந்து சுசீலாபாய் சேச்சியின் போன். வருஷா வருஷம் மூன்று லிட்டர் வாங்குகிறவர்.

"மக்களே, நேத்தைலேர்ந்து கொதிக்கே, அடி பிடிச்சிராதா? கொஞ்சம் கிண்டி இளக்கி விடச் சொல்லு அப்பாட்ட."

சற்று முன் அப்பா லிஸ்ட் கேட்டார். அச்சடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். நம் வீட்டில் பிரிண்டர் இல்லை என்பது அவருக்கு எப்போது நினைவு வரும் என்று தெரியாது. ஆகவே மாமா, உடனே புறப்பட்டு வரவும். வர முடியாவிட்டால் அந்த விதிகளை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதி அனுப்பவும். கடிதத்தை நம் டெலிவரி ஜெயன் பைக்கில் கொண்டுவருகிறான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, கையோடு திருப்பி அனுப்புங்கள்.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அத்தையின் ஆசீர்வாதம் உண்டு, ஆனால் எட்ட நின்றுதான். உங்கள் நண்பர் வீட்டார் அனைவருக்கும் ஓண நல்வாழ்த்துகள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், எனக்குக் குறுகிய திட்டும் கிடைக்கப் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மருமாள்,
மீனு.

பி.கு.: வர வேண்டாம் மாமா. கடிதத்தை மடிக்கும்போது, அடுக்களையிலிருந்து உருளியை எடுக்க அப்பா கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உள்ளே போனார். அத்தை ஒதுங்கி வழிவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குப் பளிச்சென்றது. வெளியிலிருந்து கதவைத் தட்டுவானேன்? யாரும் தொடாத புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கிளவுடில், அந்தத் தனி வலைப்பின்னலுக்கு உள்ளேயே எழுப்பினேன். குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி அது நேரே போய்ப் பதிவேட்டைத் தொட்டது. நானூற்றுப் பன்னிரண்டும் வந்துவிட்டது! பால் எண்ணூற்று நாற்பது லிட்டர், அப்பா சொல்லியாயிற்று.

ஒரே ஒரு குறை. விலாசம் என்ற கட்டத்தில் இருநூற்றெழுபது பேர் 'ஜெயனுக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறார்கள். ஜெயனைக் கேட்டேன். "ஆமா, எல்லாம் எனக்கு அறியாம், மனசிலே இருக்கு. இதை எதுக்கு எழுதணும்?" என்கிறான், பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே. இவனையா மலைக்கு அனுப்புவது? சாவியைப் பிடுங்கிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம் எங்கேயும் போகவில்லை, இங்கே உங்கள் அறை மேசை இழுப்பறைக்குத்தான் போகிறது. ஓணம் கழித்து வந்து இதைப் படித்தால் பதில் எழுத வேண்டாம். ஒரு குரல் கொடுங்கள், பக்கத்து அறையில்தான் இருப்பேன்.