அம்மனிடம் அரையிறுதி கேட்டேன்

கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு இந்த நாட்டில் அனுதாபமாவது உண்டு. அவன் அணி தோற்றால் டீக்கடையில் நாலு பேர் கூட உட்கார்ந்து புலம்புவார்கள். கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஃபுட்பால் பார்க்கிறவனுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. தனியாகத் தோற்க வேண்டும். தனியாக வீட்டுக்கு வந்து, "எங்க போயிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்ற?" என்ற கேள்விக்கும் தனியாகவே பதில் சொல்ல வேண்டும். நான் பல வருடங்களாக இப்படித்தான் வாழ்கிறேன்.

எங்கள் அணியின் பெயர் நொய்யல் யுனைடெட். (யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள்.) எங்கள் ஊர் நொய்யல் ஆறு மாதிரியே சீசன் ஆரம்பத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடும், பாதியில் காய்ந்துவிடும். முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் பிளேஆஃப், அதாவது அரையிறுதி. நாங்கள் ஐந்தாவதாக வருவதில் கைதேர்ந்தவர்கள்.

மற்ற ஊர் ரசிகர்கள் ரெஃப்ரியைத் திட்டுகிற திட்டு காதில் விழுந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய முடியும். எங்கள் கேலரியோ மரியாதைக்குப் பேர்போனது. "ஏனுங்க ரெஃப்ரி, அது ஃபவுலுங்களா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க!" என்று கத்துவோம். எங்களுக்கு டிரம் அடிக்கிற டேனியல் அண்ணன் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பெரிய கோபக்காரர். அவர் உச்சக்கட்டமாகக் கத்தியதே, "உங்களுக்கே இது நல்லா இருக்குதுங்களா?" என்பதுதான்.

இப்படிப்பட்ட நாங்கள் ஒரு வருடம் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டோம். அதே சமயத்தில் எனக்கு ஒரு பெண்ணும் அமைந்துவிட்டாள். இரண்டும் ஒன்றாக வந்ததுதான் வினை.

எனக்கு அப்போது முப்பத்தொன்று. சொந்த ஊர் கிணத்துக்கடவு. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் பக்கம் இப்போது பையன்களுக்குப் பெண் கிடைப்பது லேசில்லை. தோப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் அடுக்கிக்கொண்டே போவார். பெண் வீட்டார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பையனுக்கு முடி கொஞ்சம் கம்மீங்க" என்று முடித்துவிடுவார்கள். அம்மா என் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்தே ஓய்ந்து போயிருந்தார்.

அப்போது வந்த சம்பந்தம்தான் சுகன்யா. காரமடையில் மருந்துக்கடை நடத்துகிறவள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். பெரியவர்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபுட்பால் ஆடுவீங்களாமா?" என்றாள்.

"ஆடறதில்லீங்க. பார்ப்பேன்."

"பார்க்கறதுக்கா ஞாயித்துக்கெழம ஆனா ஊட்லயே இருக்க மாட்டீங்க?"

வேறு ஒருவனாக இருந்தால் பேச்சை மாற்றியிருப்பான். நான் தட்டில் இருந்த தேங்காய் பிஸ்கட்டுகளை மேஜையில் அடுக்கி, எங்கள் அணியின் தடுப்பு வரிசையை விளக்க ஆரம்பித்தேன். இவர் சென்டர் பேக், இவர் ரைட் பேக், இந்த ஓரத்தில் இருப்பவர் லெஃப்ட் பேக், இவர் இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான் என்றேன். அவள் கையை நீட்டி அந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்துவிட்டாள்.

"ஏனுங்க, அவரு எங்க லெஃப்ட் பேக்குங்க!"

"இல்லாட்டியும் ஒண்ணுதான்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரையும் அப்படிப் பிடித்ததில்லை. அவளுக்கும் சம்மதம் என்று மறுநாள் தரகர் சொன்னார்.

பாக்கி இருந்தது எங்கள் குலதெய்வத்தின் உத்தரவு மட்டும்தான். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கோவில். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் பூசாரி போடுவார். யாருக்காகக் கேட்கிறோமோ அவரே, காரியத்தை மனதில் நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தக் காரியத்தை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

இந்தப் பூவுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பெண் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. "பூ வரலீங்க" என்று சொல்லிவிடுவார்கள். கோவிலுக்கே போயிருக்க மாட்டார்கள். கேட்பவர்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் யாருக்கும் மரியாதைக் குறைச்சல் இல்லாமல் விஷயம் முடிந்துவிடும்.

பூசாரி நாள் குறித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று சாயங்காலம் கோவையில் எங்களுக்கு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். (இரண்டு ஆட்டத்திலும் போட்ட கோல்களைக் கூட்டித்தான் யார் ஜெயித்தது என்று பார்ப்பார்கள்.)

முதல் ஆட்டம் புதன்கிழமை சென்னையில் நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டு கோலும் லெஃப்ட் பேக் வழியாகவே வந்தன. புதனிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண ஏக்கம் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, அம்மா, அக்காவின் கணவரான மச்சான், நான் எல்லோரும் காரில் கோவிலுக்குப் போனோம். அப்பா கொப்பரை வியாபாரி, எதிலும் கணக்குப் பார்ப்பவர். மச்சான் எதிலும் அவசரக்காரர். பூசாரி பொட்டலங்களைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"காரியத்த நல்லா மனசுல நெனச்சுட்டு எடுங்க கண்ணு."

கண்ணை மூடினேன். நினைத்தேன். 'தாயி, இன்னிக்கு நாங்க ஃபைனல் போயிருவமா? ஒரு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாக்கூடப் போதும், பெனால்ட்டிக்குப் போயிரும். வெளியூர்ல போட்ட கோலுக்குத் தனிக் கணக்கு கெடையாது தாயி.' அம்மனுக்கு விதிமுறையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன், சத்தியமாக. வேண்டுமென்று செய்யவில்லை. நான்கு நாளாக மனதில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கச் சொன்னதும் அதுதான் வந்தது.

பிரித்தேன். சிவப்பு அரளி.

"அய்யோ, போச்சே!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா ஓடி வந்து என் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "இத்தன ஆச வெச்சிருந்தயா கண்ணு? உடு, அம்மனுக்குத் தெரியாததா?" என்று கண்ணீர் விட்டார். அப்போதுதான், எந்தக் காரியத்துக்காக வந்தோம் என்பது எனக்கு உறைத்தது. எழுந்து வெளியே ஓடினால், வேப்பமரத்தடியில் மச்சான் போனில் பேசி முடித்துக்கொண்டிருந்தார். "அப்ப சரீங்க, பூ வரலீங்க, ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

திரும்பும் வழியில் புளியம்பட்டி வரும்வரை வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வந்ததும் சொன்னேன். அப்பா காரை ஓரம் கட்டினார்.

"என்னத்தக் கேட்டே?"

"செமிஃபைனலுங்கப்பா."

"பொண்ணக் கேக்கலியா?"

"மறந்துபோட்டேனுங்க."

மச்சான் சிரிக்க ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா பூசாரிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். பூசாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்காத வழக்கு எதுவும் இல்லை போலிருக்கிறது.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் பூங்க கண்ணு. அம்மன் எதுக்குச் சொல்லுச்சுன்னு நாம எப்படிங்க கண்டோம்? நீங்க நெனச்சதுக்கா, ஊட்ல எல்லாரும் நெனச்சதுக்கா?"

அப்பா போனை வாங்கினார். இருவரும் கொஞ்ச நேரம் பேசித் தீர்ப்புக்கு வந்தார்கள். சிவப்பு என்றால் நடக்காது என்று அர்த்தம். சாயங்காலம் நொய்யல் யுனைடெட் தோற்றுவிட்டால், அம்மன் சொன்னது ஃபுட்பாலுக்குத்தான் என்று ஆகிவிடும். கல்யாணத்துக்குப் புதிதாகப் பூப் போடலாம், பெண் வீட்டாரிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டுக்கொள்ளலாம். ஜெயித்துவிட்டால், சிவப்பு அந்தப் பெண்ணுக்குத்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

"நாயந்தானே?" என்றார் அப்பா.

நியாயம்தான். எத்தனையோ வருடம் அந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று உயிரை விட்டவன், ஒரே ஒரு நாள் தோற்க வேண்டும் என்று ஸ்டேடியத்துக்குப் போனேன். எங்கள் அணியிடம் தோல்வியை எதிர்பார்ப்பது ஒன்றும் பேராசை இல்லையே என்று தேற்றிக்கொண்டேன்.

பாவிகள் அன்றைக்கு ஆடினார்கள் பாருங்கள், அதற்கு முன் அப்படி நான் பார்த்ததே இல்லை. மூன்று பாஸ் சேர்ந்தாற்போல் கொடுக்கத் தெரியாதவர்கள் வீட்டு முற்றத்தில் கோலம் போடுகிற மாதிரி பந்தைச் சுற்றிச் சுற்றி விட்டார்கள். இடைவேளைக்கு முன்பே கோல். கேலரி முழுக்க எழுந்து குதித்தது. என் காலும் குதித்துவிட்டது. குதித்துக்கொண்டிருக்கும்போதே சுகன்யாவின் ஞாபகம் வந்து பாதியில் உட்கார்ந்தேன்.

"என்னுங்க தம்பி, ஒடம்பு செரியில்லீங்களா?" என்றார் டேனியல் அண்ணன்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. கொஞ்சம் நெஞ்சு படபடன்னு இருக்குது."

"இருக்காதா பின்ன! நம்ம வாழ்க்கையில இப்படி ஒரு நாளு!" என்று டிரம்மை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார்.

வேறு கோல் விழவில்லை. மொத்தத்தில் இரண்டுக்கு இரண்டு. பெனால்ட்டி. அணிக்கு நான்கு அடித்து முடிந்தபோது சமநிலை. சென்னைக்காரர்களின் ஐந்தாவது ஆள் பந்தை மேலே தூக்கி அடித்துவிட்டான். எங்களுடைய ஐந்தாவது ஆளாக நடந்து வந்தது லெஃப்ட் பேக்.

நான் கும்பிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவன் அடிக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மேல் எனக்கு அபார நம்பிக்கை இருந்தது. பந்தை நேராக உதைக்கத் தெரியாதவன், என்னை மட்டுமா கைவிடப் போகிறான்?

அப்போதும் நேராக உதைக்கவில்லை. பந்து கம்பத்தில் பட்டு, திரும்பி வந்து, விழுந்து கிடந்த கோல்கீப்பரின் முதுகில் பட்டு, ஒரு யோசனை யோசித்து, உள்ளே போனது.

ஸ்டேடியம் இடிந்து விழுகிற சத்தம். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். டேனியல் அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "அழுவுங்க தம்பி, நல்லா அழுவுங்க! இதுக்குத்தானே இத்தன வருசம் காத்துட்டு இருந்தோம்!" மைதானத்தைச் சுற்றி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. 'ஆனந்தக் கண்ணீரில் ரசிகர்' என்று போட்டிருந்தார்கள்.

அப்பா அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "முடிஞ்சுதுப்பா" என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அம்மன் பேச்ச மீறி ஒரு புள்ளையக் கூட்டியாந்து, நாளைக்கு ஒண்ணுன்னா அந்தப் புள்ளைக்கு ஆருடா பதில் சொல்றது?" என்றார். இறுதி ஆட்டத்துக்கு நான் போகவில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றோம் என்று டேனியல் அண்ணன் போனில் சொன்னார். அந்த மாதமே சுகன்யாவுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது.

இதெல்லாம் இப்போது எங்கள் வீட்டில் கதை. யாருக்குப் பூக் கேட்கப் போனாலும் என்னைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிடுவார்கள். "அவன் உள்ள வந்தா அம்மனுக்கு ஸ்கோர் சொல்லோணும்" என்பார் மச்சான். எல்லாக் கல்யாணப் பந்தியிலும் யாராவது ஆரம்பிப்பார்கள். கோல்கீப்பர் முதுகில் பந்து பட்டது வரை சொல்லி, இலையில் கைவைக்க முடியாமல் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களைவிட நான் நன்றாகச் சொல்வேன் என்று பெயர்கூட வாங்கியிருக்கிறேன். இப்போது எனக்கு முப்பத்தெட்டு. தரகர் வருவதை நிறுத்திவிட்டார்.

ஆனால் அவர்கள் சொல்லும் கதையில் ஒரு போன் கால் கிடையாது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் நின்று, மருந்துக்கடை நம்பருக்கு அடித்தேன். "சாப்புட்டதுக்கப்புறம் போடுங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு எடுத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"பூ வரலேன்னு எங்களுக்கு இதுக்கு முன்னாலயும் சொல்லியிருக்காங்க" என்றாள். "புடிக்கலேன்னா அதோட உட்ரலாமுங்க. இத்தன பெரிய கத எதுக்குங்க?"

"சத்தியமா கத இல்லீங்க. நேத்து மேட்ச் இருந்துச்சுங்க."

"செரி, என்னாச்சு மேட்ச்?"

"ஜெயிச்சுட்டோமுங்க!" என்றேன்.

அந்தச் சமயத்தில்கூட என் குரலில் அத்தனை சந்தோஷம் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை அது. அவள் என்னை அப்போதுதான் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

"அப்ப நெசமாலுமே அதத்தான் கேட்டீங்களா?" என்றாள் மெதுவாக. "சாமி முன்னால நின்னப்ப, எம்பேரு ஞாபகம் வரலீங்களா?"

கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லி அவளே போனை வைத்தாள்.