ஊதினால் தெரியும் மனசு

பிள்ளைகளின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இனி யாரும் அவர்களோடு பேசி மூச்சை வீணாக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு உறிஞ்சுகுழல், ஊத ஒரு வாய். இது போதும் என்று அந்த அரசுப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்து மூன்று வாரம் ஆகிறது.

வியாழக்கிழமை வந்தால் காலை ஏழரைக்கே வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளும். பெற்றோர் கூட்டத்துக்கு 'எனக்கு லீவு கிடைக்கல' என்று சொல்லி அனுப்பும் அப்பாக்கள், சவரம் செய்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். அம்மாக்கள் பிள்ளைக்குத் தலைவாரி, 'நல்லா தம் கட்டி ஊது, மானத்தை வாங்காதே' என்று காதில் ஓதுவார்கள்.

மேடையில் நம் கதாநாயகர். வெள்ளைக் கோட்டு, பையில் மூன்று பேனா. அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. தன்னை மனஅலை மேதை என்று சொல்லிக்கொள்வார். பிள்ளைகள் வைத்த பெயர் ஊதல் மாஸ்டர். வழக்கம்போலப் பிள்ளைகள்தான் சரி.

மேசையில் இரண்டு ஜாடி, ஏதாவது ஒன்றிலிருந்து டம்ளரில் இளஞ்சிவப்புத் தண்ணீரை ஊற்றுவார். அதுதான் 'உயிர்க்களை' என்பார் மாஸ்டர். பிள்ளை குழலை வைத்து ஊதும். சிவப்பு அப்படியே நின்றால் மனம் சுத்தம். சிவப்பு மறைந்து வெறும் தண்ணீராகிவிட்டால் மனசில் நஞ்சு, மூச்சோடு வந்து களையைக் குடித்துவிட்டது. நஞ்சுக்கு மருந்தும் அவரிடமே இருந்தது. பச்சை மூடி போட்ட பாட்டில், காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி, ஏழு வாரம். விலை என்று எதுவும் கிடையாது, நன்கொடைதான். ஆனால் கொடுக்காதவருக்குப் பாட்டில் கிடையாது.

அதிசயம் பாருங்கள், தலைமையாசிரியர் ஊதினார், சிவப்பு நின்றது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவரின் மகன் ஊதினான், நின்றது. கடைசி பெஞ்சுப் பையன்கள், வகுப்பில் அழுகிற பெண்கள், வீட்டில் அடி வாங்கி வருகிறவர்கள் ஊதினால் மட்டும் மறைந்தது. 'நான் நினைச்ச பசங்களேதான் சார்' என்று ஆசிரியர்கள் மெய்சிலிர்த்தார்கள். முந்தின நாள் மாஸ்டர் கேட்டார் என்று அந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்ததே தாங்கள்தான் என்பதை மறந்தே போனார்கள்.

வேதியியல் ஆசிரியரும் கண்ணை மூடி ஊதினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பள்ளியில் சோதனைக்கூடம் இருந்தது, பூட்டும் இருந்தது. கண்ணாடிச் சாமான் உடைந்தால் யார் பதில் சொல்வது? ஆகவே செய்முறைப் பாடம் முழுக்க நோட்டிலேயே நடந்தது. அக்கா எழுதிய நோட்டைத் தங்கை பார்த்து எழுதுவாள், தங்கை எழுதியதை அடுத்த வீட்டுப் பையன் எழுதுவான். 'ஊதியபோது இளஞ்சிவப்பு நிறம் மறைந்தது' என்று ஒவ்வொரு நோட்டிலும் ஒரு வரி உண்டு. அதற்குப் பக்கத்தில் ஆசிரியரின் சிவப்பு 'சரி' போட்டிருக்கும். மறைவதை ஆசிரியர் உட்பட எவரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தபோது அற்புதம் என்று கும்பிட்டார்கள்.

இந்தப் பள்ளிக்கு ஏற்கனவே ஒரு மனநல ஆலோசகர் உண்டு. முறையாகப் படித்த பெண். ஐந்து பள்ளிக்கு அவர் ஒருவர்தான். இங்கே செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். கிழிந்த வலையும் காற்றிறங்கிய பந்துகளும் கிடந்த விளையாட்டுச் சாமான் அறைதான் அவர் அறை. அவரிடம் கருவி கிடையாது, கோட்டு கிடையாது. இரண்டு நாற்காலி. ஒன்றில் பிள்ளை உட்காரும், மற்றதில் அவர் உட்கார்ந்து கேட்பார்.

"சும்மா உக்காந்து பேசுறதுக்கு ஒரு சம்பளமா?" என்றார் தலைமையாசிரியர். இருபத்தெட்டு வருடமாகப் பேசியே சம்பளம் வாங்குகிறவர்.

அந்த அறைக்கு இரண்டு செவ்வாய் போய்வந்தாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பேருந்து ஓட்டுநரின் மகள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள். சில மாதமாக வகுப்பின் நடுவே எழுந்து ஓடிவிடுவாள். கை நடுங்கும், வேர்த்துக்கொட்டும். தேடினால் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். மூன்றாவது செவ்வாய் வருவதற்குள் மாஸ்டரின் முதல் வியாழக்கிழமை வந்துவிட்டது. அவள் ஊதினாள். சிவப்பு போயே போய்விட்டது.

"கடுமையான நஞ்சு," என்றார் மாஸ்டர். "பேசப் பேச வளரும். ஏழு வாரம் இதைப் பத்தி அவ யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது. வீட்டுலயும் யாரும் கேக்கக் கூடாது. அந்த ஆலோசனை ரூம் பக்கமே போகக் கூடாது."

ஓட்டுநரோ மகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனால் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாலும் ஏன் என்று கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாசமுள்ள மனிதர் ஒருவரை வைத்தே அவர் மகளின் வாயைக் கட்டிவிட்டான் அந்தக் கோட்டுக்காரன்.

டம்ளர் கழுவுகிற வேலை சோதனைக்கூட உதவியாளர் அக்காவுடையது. பத்தாவது வரை படித்தவர். மூன்றாவது வியாழன் மாலை, நஞ்சேறிய டம்ளர்களைத் தொட்டியில் போட்டு மேலே சோப்புத்தூளைத் தூவினார். வெறும் தண்ணீராக இருந்ததெல்லாம் மறுபடி இளஞ்சிவப்பானது. அக்கா இன்னொரு டம்ளரிலும் தூவிப் பார்த்தார், அதுவும் சிவந்தது. ஏழு வாரம் மருந்து குடித்தால்தான் திரும்பும் என்ற களை, ஒரு பிடி சோப்புத்தூளில் திரும்பிவிட்டதே.

தொட்டிக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. ஓட்டுநரின் மகள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பேசக் கூடாதுக்கா. அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் போன பிறகு, நோட்டுகளில் பார்த்த அந்த வரி ஞாபகம் வந்து, அலமாரியைத் திறந்தார். மூன்றாவது தட்டில் தூசி படிந்த நிறங்காட்டிக் குப்பி. அதிலிருந்து இரண்டு சொட்டு, கொஞ்சம் சலவைக்காரக் கரைசல், ஒரு டம்ளர் தண்ணீர். உயிர்க்களை தயார். தானே ஊதிப் பார்த்தார், மறைந்தது. இன்னும் நாலு கரண்டி கரைசல் சேர்த்து ஊதினார், அசையாமல் நின்றது. மாஸ்டர் ஏன் இரண்டு ஜாடி வைத்திருக்கிறார் என்பதும் விளங்கிவிட்டது.

மறுநாள் விழா. கல்வி அதிகாரி வருகிறார். ஆலோசகர் இனித் தேவையில்லை என்று கையெழுத்து, அந்த அறை மாஸ்டருக்கு. நிறைந்த மண்டபத்தில் மாஸ்டர் இருவரை மேடையேற்றினார். ஒருவர் கல்வி அதிகாரி, சுத்த மனசுக்கு உதாரணம். இன்னொருத்தி ஓட்டுநரின் மகள், நஞ்சுக்கு உதாரணம். தலையைக் குனிந்து நின்றாள். தகப்பன் முதல் வரிசையில் கைகூப்பி இருந்தார். ஆலோசகர் கதவோரம் நின்றார். அவருக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

தட்டை ஏந்தி வந்தவர் அக்கா. வரும் வழியில் இரண்டு டம்ளரையும் இடம் மாற்றி வைத்திருந்தார்.

அதிகாரி ஊதினார். சிவப்பு வெளுத்து, வெளிறி, காணாமல் போனது. பெண் ஊதினாள். களை குன்றாமல் நின்றது.

"அது... ஐயாவுக்கு வேலைப்பளு ஜாஸ்தி," என்றார் மாஸ்டர்.

"சார், இன்னொருத்தரையும் பாத்துடலாம்," என்று அக்கா முந்தானையில் மறைத்திருந்த சோடா பாட்டிலைத் திறந்தார். சிவப்பு மறைகிற ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, அதில் சோடாவைக் கொஞ்சம் விட்டார். சிவப்பு மறைந்தது. "இந்தச் சோடாவுக்கு என்ன சார் மனக்கவலை? வீட்டுல சண்டையா?"

பின் வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா சோப்புத்தூளை ஒரு சிட்டிகை போட்டார். சிவப்பு திரும்பியது. "ஏழு வார வைத்தியம் முடிஞ்சுது சார்." பிறகு வேதியியல் ஆசிரியர் பக்கம் திரும்பினார். "நம்ம அலமாரியில மூணாவது தட்டுல இருக்கிற குப்பிதான் சார் இது. சலவைக்காரம் கம்மியாப் போட்டா யார் மூச்சு பட்டாலும் நிறம் போயிடும், நிறையப் போட்டா நிக்கும். பிள்ளைங்க நோட்டுலகூட எழுதியிருக்கு."

வேதியியல் ஆசிரியருக்குத் திடீரென்று செருப்பு வாரில் ஏதோ வேலை வந்துவிட்டது. மாஸ்டர் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். பச்சை மூடி பாட்டிலோடு நாலு அப்பாக்கள் அங்கே அவருக்காகக் காத்திருந்தார்கள். அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடவிருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். தனக்கு நஞ்சில்லை என்று தெரிந்ததில் அவருக்கு நிம்மதி.

ஓட்டுநர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். "அப்ப எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்களா?"

"இருக்கு அண்ணே," என்றார் அக்கா. "டம்ளரைக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க."

ஓட்டுநர் மகளிடம் திரும்பினார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக, "என்னம்மா?" என்றார்.

"மூச்சு முட்டுதுப்பா," என்றாள். "கிளாஸ்ல உக்காந்தா செத்துருவேன்னு தோணுது. அந்த மேடம்கிட்ட சொன்னேன். இதுக்குப் பேர் இருக்கு, சரியாகும்னாங்க. அப்புறம் நீங்க பேசக் கூடாதுன்னுட்டீங்க." ஓட்டுநர் அழுதார். பேருந்தில் எத்தனை பேர் ஏசினாலும் அழாத ஆள்.

கூட்டம் கலைந்தது. திருந்தியா கலைந்தது? ஒரு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சோடா எந்தக் கடைல வாங்கினீங்க? அதைக் குடிச்சா பிள்ளைக்கு நல்லதா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுச் சாமான் அறை திறந்திருந்தது. உள்ளே இரண்டு நாற்காலியிலும் ஆள். வெளியே ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு காற்றிறங்கிய பந்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள்.

மற்ற பெற்றோர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். பிள்ளை வாயால் ஊதினால் நம்பி வரிசையில் நின்றீர்களே, அதே வாய் பேசினால் ஏன் நம்ப மாட்டேன் என்கிறீர்கள்?